புண்ணியக் கணக்கில் எழுதிய கூலி

2020 மார்ச் 22, ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கைதட்டினீர்களா? தட்டை எடுத்து வந்து அடித்தீர்களா? செய்திருந்தால் அதில் குற்றமில்லை. பயந்து கிடந்த நாட்களில் யாருக்கோ நன்றி சொல்லத் தோன்றியது நல்ல மனம்தான். மே 3ஆம் தேதி விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள்மேல் பூத்தூவியபோது கண்கலங்கியவர்களும் பலர். நான் கேட்க வந்தது வேறு. அந்த மாதங்களில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கெடுத்த ஆஷா ஊழியருக்கு, கொரோனா வேலைக்கென்று மத்திய அரசு கூடுதலாக எவ்வளவு கொடுத்தது என்று விசாரித்தீர்களா? மாதம் 1000 ரூபாய். நாள் கணக்கில் பார்த்தால் 33 ரூபாய் சொச்சம். தொற்றினால் சாக நேரிடலாம் என்று தெரிந்தே ஒரு பெண் கதவு கதவாகத் தட்டினார். அந்தத் துணிச்சலுக்கு நாடு போட்ட விலை அது.

நன்றி சொன்ன கோடிக்கணக்கான பேரில் இந்தக் கணக்கைக் கேட்டவர்கள் மிகச் சிலர். ஏன் கேட்கவில்லை? கேட்கத் தோன்றாதபடி நம்மை எது பழக்கியது?

இந்தக் கேள்வியை மும்பையின் தேவ்நாரில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மும்பை தனக்கு வேண்டாததையெல்லாம் அனுப்பிவைக்கும் திசை இது. 1927இல் இங்கே குப்பை கொட்ட ஆரம்பித்தார்கள். இன்று அது பல மாடி உயர மலை. 1971இல் ஆட்டுமாட்டு அறுவைக்கூடம் வந்தது. 1976 மே மாதத்தில், நெருக்கடிநிலைக் காலத்தில், அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்த சுமார் எழுபதாயிரம் பேரைச் சீட்டா கேம்ப்புக்குத் தள்ளினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்த இடிப்பை எதிர்த்து மக்களைத் திரட்டிய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர். 2009 முதல் நகரத்து மருத்துவமனைகளின் கழிவை எரிக்கும் ஆலை பக்கத்துக் கோவண்டியில் புகை விட்டது. மக்கள் வழக்குப் போட்டு, 2023இல்தான் உயர் நீதிமன்றம் அதை இரண்டாண்டுக்குள் இடம் மாற்றச் சொன்னது. 2016 ஜனவரிக் கடைசியில் குப்பைமலை பற்றி எரிந்து, புகை நாள்கணக்கில் நின்றது. விண்வெளியிலிருந்து எடுத்த படத்திலேயே அந்தப் புகை தெரிந்தது.

ஆக, மருத்துவமனையின் ஊசியும் பஞ்சும் ரத்தப்பையும் இங்கே வந்து சேர வழி செய்ய முடிந்திருக்கிறது. மருத்துவரும் செவிலியரும் வந்து சேர மட்டும் ஏன் வழி செய்ய முடியவில்லை?

எம்-கிழக்கு வார்டு என்று மாநகராட்சி பெயரிட்டிருக்கும் இந்தப் பகுதியில் 2011 கணக்கெடுப்பின்படி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 2009ஆம் ஆண்டுக்கான மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் 24 வார்டுகளில் கடைசி இடம் இதற்குத்தான். இது யாருக்கும் தெரியாத ரகசியமா? டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1954 முதல் தேவ்நாரில்தான் இருக்கிறது. தன் எழுபத்தைந்தாம் ஆண்டை ஒட்டி இந்த வார்டுக்கென்றே ஒரு தனித் திட்டத்தையும் அது தொடங்கியது. எத்தனை குழந்தைகள் எடை குறைவு, எத்தனை வீட்டில் குழாய் இல்லை, எங்கே காசநோய் அதிகம் என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. போர் நடக்கும் நாடுகளுக்குப் போகும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்காகக் கோவண்டியில் பல ஆண்டுகள் சிகிச்சை மையம் நடத்தியிருக்கிறது. போர் நடக்காத நகரத்தில், நாட்டின் மிகப் பணக்கார மாநகராட்சியின் எல்லைக்குள், அப்படி ஒரு தேவை எப்படி வந்தது என்று நாம் கேட்டிருக்க வேண்டும்.

தேவ்நாரில், சிவாஜி நகரில், பைங்கன்வாடியில், மான்கூர்டில் கதவைத் தட்டும் அரசு எது தெரியுமா? கையில் ரிஜிஸ்டரோடு, தோளில் பையோடு வரும் ஒரு பெண். மாநகராட்சி அவரைச் சமூக சுகாதாரத் தன்னார்வலர் என்று பதிந்திருக்கிறது; குடிசைவாசிகள் ஆரோக்ய சேவிகா என்கிறார்கள்; ஹெல்த் போஸ்ட் எனும் மாநகராட்சிச் சுகாதார நிலையத்தில் சுருக்கமாக சிஎச்வி. மும்பை முழுக்க இப்படி ஏறக்குறைய நாலாயிரம் பேர். பெரும்பாலும் தாங்கள் வேலை செய்யும் அதே குடிசைப்பகுதியிலேயே வாழ்பவர்கள். எந்த வீட்டில் பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறது, எந்தக் குழந்தைக்கு ஒன்பதாம் மாத ஊசி போடவில்லை, யார் மூன்று வாரமாக இருமுகிறார், எவர் டீபி மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சளி டப்பாவை வீட்டுக்குக் கொடுத்து, மறுநாள் வாங்கிப் போவதும் அவர்தான். போலியோ சொட்டு மருந்துக்குப் பிள்ளையின் விரலில் மை வைப்பவர், மலேரியாவுக்கு ரத்தம் எடுக்க ஆள் அனுப்புபவர், தொழுநோய்த் தேமலைத் தேடுபவர், கருத்தடைக்குப் பேசிப் புரியவைப்பவர் எல்லாமே அவர். மழைக்காலத்தில் சாக்கடை பொங்கி வழியும் சந்துக்குள் அவர் போகிறார். மரப்படி வைத்த மாடிக் குடிசையில் ஏறி இறங்குகிறார். கணவன் குடித்துவிட்டு வாசலில் நின்று ஏசும் வீட்டுக்கும் மறுவாரம் போகிறார்.

இந்த வேலை உயிரைக் காப்பாற்றுகிறதா? நம்பிக்கையைக் கேட்கவில்லை, சான்றைக் கேட்கிறேன். சான்று இருக்கிறது. இதே மகாராஷ்டிரத்தில் ஜாம்கேடு வட்டாரத்தில் 1970இல் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்ற மருத்துவத் தம்பதி, எழுத்தறிவில்லாத கிராமப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் சுகாதார ஊழியர்களாக்கினார்கள். கட்சிரோலியில் அபய் பங்கும் ராணி பங்கும், பிறந்த குழந்தையை வீட்டிலேயே வைத்துக் கவனிக்க ஊர்ப் பெண்களைப் பழக்கினார்கள். பச்சிளங்குழந்தைகளின் சாவு 62 விழுக்காடு குறைந்தது. 1999இல் லான்செட் இதழ் அந்த முடிவை வெளியிட்டது. எந்த நேர்த்திக்கடனும் இதைச் செய்யவில்லை. பயிற்சி பெற்ற ஒரு பெண், ஒரு தராசு, ஒரு வெப்பமானி, குறித்த நாளில் தவறாமல் ஒரு வருகை. அவ்வளவே.

இந்திய அரசு அந்த அறிவியலை ஏற்றுக்கொண்டது. சேவிகாக்களைப் போலவே வீடு வீடாகப் போகும் ஆஷாக்களின் வேலைப் பட்டியலில் பச்சிளங்குழந்தை வருகையைச் சேர்த்தது. ஆறு வருகையும் முடித்தால் 250 ரூபாய் என்றது. ஒரு வருகைக்கு நாற்பது ரூபாய் சொச்சம். ஆறு மாதம் ஒரு காசநோயாளியை மருந்து தவறவிடாமல் காத்துக் குணமாக்கினால் 1000 ரூபாய். நாளுக்கு ஐந்தரை ரூபாய். நகரத்தில் ஒரு கர்ப்பிணியைப் பதிவு செய்து, மருத்துவமனையில் பிரசவமாகும்வரை உடனிருந்தால் 400 ரூபாய். ஆய்வின் முடிவை எடுத்துக்கொண்டார்கள். அந்த முடிவைச் சாத்தியமாக்கும் உழைப்புக்குக் கூலி கொடுக்கும் பொறுப்பை மட்டும் தள்ளிவைத்தார்கள். இதைப் பகுத்தறிவு என்று யாராவது சொல்ல முடியுமா?

'தன்னார்வலர்' என்ற பதவிப்பெயர் சட்டத்தில் செய்யும் வேலையைப் பாருங்கள். ஊழியர் என்றால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வரும். வருங்கால வைப்புநிதி வரும். பேறுகால விடுப்பு வரும், பணிக்கொடை வரும். தன்னார்வலர் என்றால் இவற்றில் ஒவ்வொன்றையும் நீதிமன்றப் படியேறித்தான் கேட்க வேண்டும். ஊரார் கர்ப்பத்தையெல்லாம் பதிவேட்டில் எழுதும் பெண், தன் கர்ப்பத்துக்கு விடுப்புக் கேட்டு வழக்கறிஞரைத் தேட வேண்டிய நிலையை எந்த மனிதர் சரி என்பார்? 2013இல் நடந்த 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, இத்தகைய திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும், குறைந்தபட்சக் கூலியும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூவரும் உட்கார்ந்து பேசிய மாநாடு அது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே உலக சுகாதார அமைப்பு, ஆஷா ஊழியர்களுக்கு உலக அளவிலான தலைமைத்துவ விருது கொடுத்தது. பத்து லட்சம் பெண்களுக்கு ஒரே விருது. அதை அமைச்சர்கள் பெருமையோடு பகிர்ந்தார்கள். 2025 பிப்ரவரியில் கேரளத்தின் ஆஷாக்கள் மாதம் 21,000 ரூபாய் கேட்டுத் தலைமைச் செயலக வாசலில் உட்கார்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தார்கள். விருதைப் பகிர்ந்து பெருமைப்பட்டவர்களில் எத்தனை பேர் அந்த வாசலுக்குப் போனார்கள்?

இப்போது நம் பக்கம் வருவோம். இந்த நிலையை அரசு மட்டும் உண்டாக்கவில்லை. நம் பழக்கம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

"பணத்துக்காகவா செய்கிறார்கள்? சேவை அல்லவா! அவர்களுக்குக் கோடிப் புண்ணியம்." இதை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? புண்ணியம் என்பது யாரும் தணிக்கை செய்ய முடியாத கணக்கு. அதில் வரவு வைப்பவருக்கு ஒரு காசும் செலவில்லை. வாங்குபவர் செத்த பிறகுதான் எடுக்கலாம். எடுத்ததாக வந்து சொன்னவர் எவரும் இல்லை. வாழும்போது செய்த வேலைக்கு வாழும்போதே கூலி கொடுங்கள் என்று கேட்பதைத்தான் நான் ஒழுக்கம் என்கிறேன். அவர் தெய்வம் என்று சொல்லிவிட்டால் தெய்வத்துக்கு வாடகை இல்லை, பள்ளிக் கட்டணம் இல்லை, முதுகுவலி இல்லை, முதுமை இல்லை. மனிதர் என்று சொன்னால் எல்லாம் உண்டு. அதனால்தான் தெய்வம் என்று சொல்வது நமக்கு வசதியாக இருக்கிறது. புகழ்ச்சியின் உயரத்தில் ஒருவரை ஏற்றி வைப்பது, அவர் கீழே நின்று கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்கு நாம் கண்டுபிடித்த வழி.

இதற்கு இன்னொரு வேர் உண்டு. தமிழர்கள் அதைத் தெரியாதது போல் நடிக்கக் கூடாது. நம் ஊர்களில் பிரசவம் பார்த்தவர் யார்? நாவிதர் குலத்து மருத்துவச்சி. நடுஇரவில் ஆள் விட்டு அழைத்தார்கள். அவர் கையில்தான் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். தொப்புள்கொடி அறுத்தது அந்தக் கை. விடிந்ததும் அதே கை தீட்டு என்று சொல்லி அவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தியது யார்? கொஞ்சம் நெல்லும் பழைய சேலையும் கொடுத்து அனுப்பியது யார்? ரத்தத்தையும் மலத்தையும் சளியையும் தொடும் வேலை இழிந்தது. அதைச் செய்பவர் இழிந்தவர். எனவே குறைவாகக் கொடுத்தால் போதும். சாதி சொல்லிக்கொடுத்த இந்தக் கணக்கு நவீன மருத்துவமனைக்குள்ளும் வந்தது. செவிலியர் வேலைக்குப் பெண்ணை அனுப்ப 'நல்ல குடும்பங்கள்' மறுத்த காலம் நம் பாட்டிமார் காலம்தான். நாட்டின் மக்கள்தொகையில் 3.1 விழுக்காடே இருந்த கேரளத்தில், தகுதி பெற்ற செவிலியர்களில் 38.4 விழுக்காட்டினர் இருந்தார்கள் என்று 2001 கணக்கெடுப்பை வைத்து உலக சுகாதார அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மற்ற மாநிலங்களில் மனிதர்களுக்கு நோய் வரவில்லையா? தொட்டுத் துடைக்கும் வேலையை மதிக்க மறுத்த சமூகங்கள் அந்த வேலைக்கு ஆளில்லாமல் நின்றன என்று அந்த எண்ணைப் படிக்கிறேன். மருந்து எழுதும் கைக்குக் கோட்டும் காரும். படுக்கைப்புண்ணைக் கழுவும் கைக்கு ஒப்பந்தக் கூலி. இந்த ஏற்றத்தாழ்வை மருத்துவக் கல்லூரிப் பாடநூல் எழுதவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு எண் உண்டு. தன்னை அலோபதி மருத்துவர் என்று சொல்லிக்கொண்டவர்களில் 57.3 விழுக்காட்டினருக்கு மருத்துவத் தகுதியே இல்லை. 'போலி டாக்டர்' என்று செய்தி படிக்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. நியாயம். ஆனால் ஒரு கேள்வி. தேவ்நாரில் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஒருவருக்கு இரவு ஒன்பது மணிக்குக் காய்ச்சல் கொதித்தால் எங்கே போவார்? சயான் மருத்துவமனைக்கோ ராஜாவாடிக்கோ போனால் ஒரு நாள் கூலி போகும். தெருமுனையில் திரை போட்ட ஒற்றை அறையில் ஐம்பது ரூபாய்க்கு ஊசி போடுபவர் விளக்கெரிய உட்கார்ந்திருக்கிறார். அரசு விட்டுவைத்த வெற்றிடத்தில்தான் அவர் நாற்காலி போட்டிருக்கிறார். நோயாளியின் அறியாமையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த வெற்றிடத்துக்குப் பொறுப்பானவர்களைப் பேசுவோம்.

தகுதி உள்ளவர்கள் மட்டும் சரியாகச் செய்கிறார்களா? மும்பையின் குடிசைப்பகுதித் தனியார் மருத்துவர்கள் நூறு பேர், ஒரே காசநோய்க்கு எண்பது விதமான மருந்துச்சீட்டு எழுதினார்கள் என்று 1991இல் ஓர் ஆய்வு வந்தது. ஏறக்குறைய இருபதாண்டு கழித்து, மருத்துவர் ஜரீர் உத்வாடியாவும் சக ஆய்வாளர்களும் தாராவியில் 106 தனியார் மருத்துவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். சரியாக எழுதியவர்கள் ஆறே பேர். அடுத்த ஆண்டே, 2011 டிசம்பரில், சோதித்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோயாளிகளைப் பற்றி மும்பையிலிருந்து உத்வாடியா குழு எழுதியது. தவறான சீட்டு, பாதியில் நின்ற மருந்து, மறுபடி தவறான சீட்டு. கிருமி இப்படித்தான் பழகுகிறது. அதற்குச் சாதி தெரியாது, பின்கோடு தெரியாது. தேவ்நாரில் பழகிய கிருமி ஹார்பர் லைன் ரயிலில் ஏறிச் செம்பூருக்கும் வடாலாவுக்கும் வரும். உலகக் காசநோயாளிகளில் நால்வரில் ஒருவர் இந்தியர். 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று சபதம் போட்டோம். அந்த ஆண்டும் போய்விட்டது. மாத்திரையை ஒரு நோயாளி தினமும் விழுங்குகிறாரா என்று பார்க்கும் பெண்ணுக்கு நாளுக்கு ஐந்தரை ரூபாய் கொடுத்துக்கொண்டே போட்ட சபதம் அது.

2022 அக்டோபர் கடைசியில் கோவண்டி ரஃபி நகரில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். தட்டம்மை. தடுப்பூசி இருக்கும் நோய். நாட்டில் 1985இலிருந்தே அந்த ஊசி அரசுத் திட்டத்தில் இருக்கிறது. செத்த பிறகு மத்தியக் குழு வந்தது, வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்தது, சிறப்பு முகாம்கள் நடந்தன. அப்போது படித்தவர்கள் வீடுகளில் என்ன பேசினார்கள்? "அந்த ஜனங்கள் ஊசி போட விடமாட்டார்கள், மூடநம்பிக்கை." ஊசிக்குப் பயந்த குடும்பங்கள் இருந்தன; மறுக்கவில்லை. அம்மை வந்தால் வேப்பிலை செருகிவிட்டு மருத்துவரைத் தள்ளிவைத்த வழக்கம் நமக்கும் புதிதல்ல. அதை எதிர்த்துப் பேச வேண்டும், பேசுகிறேன். ஆனால் பயம் எப்படிப் போகும்? சுவரொட்டியால் போகுமா? தெரிந்த முகம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து, உட்கார்ந்து, முதல் ஊசிக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று சொல்லி, மறுநாள் வந்து பார்த்தால் போகும். கொரோனாவின் இரண்டு ஆண்டுகளில் அந்த முகத்தை நாம் வேறு கணக்கெடுப்புக்கு அனுப்பிவிட்டோம். வழக்கமான தடுப்பூசி பின்தங்கியது. ஆட்களைக் கூட்டாமல் வேலையை மட்டும் கூட்டியதன் விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள். இதில் மூடநம்பிக்கை யாருடையது? ஒரே பெண் பத்துப் பேர் வேலையைச் சோறு தண்ணீர் இல்லாமல் செய்துகொண்டே இருப்பார் என்று நம்பியவர்களுடையதும்தானே?

"அரசிடம் பணம் இல்லை" என்பீர்கள். கணக்குப் போடுவோம். பிருஹன் மும்பை மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். வங்கிகளில் அது போட்டு வைத்திருந்த வைப்புநிதி எண்பதாயிரம் கோடியைத் தாண்டியிருந்தது. நாலாயிரம் பெண்களுக்கு, இப்போது தருவதற்கு மேலே, ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் கூட்டிக் கொடுத்தால் ஆண்டுக்கு 72 கோடி. பட்ஜெட்டில் நூறு ரூபாய்க்குப் பத்துப் பைசாகூட இல்லை. பணம் இல்லை என்ற வாதம் இந்த நகரத்தில் நிற்காது. வேறு வாதம் கொண்டு வாருங்கள்.

"அரை நாள் வேலைதானே, விருப்பப்பட்டுத்தானே வந்தார்கள்" என்பது அடுத்த வாதம். கர்ப்பிணிக்கு வலி எடுப்பது அரை நாளுக்குள்ளா? பதிவேட்டு வேலையும் செல்போன் செயலியில் ஏற்றும் வேலையும் அடுப்படி முடிந்த பிறகு, இரவில், அவர் வீட்டில் நடக்கிறது. விருப்பத்தைப் பற்றிச் சொன்னால், வேறு வேலை கிடைக்காத இடத்தில் கொடுத்ததை வாங்கிக்கொள்வதை விருப்பம் என்று அழைப்பது நேர்மை ஆகாது. மருத்துவக் கல்லூரியில் கோடி ரூபாய் கட்டி இடம் வாங்கியவர் சம்பளம் கேட்கும்போது அவரிடம் யாரும் சேவை மனப்பான்மையைப் பற்றிப் பாடம் எடுப்பதில்லை. அந்தப் பாடம் ஏழைப் பெண்ணுக்கு மட்டும் ஏன்?

தமிழ்நாட்டைக் காட்டி இங்கே மார்தட்டும் நண்பர்கள் உண்டு. நம் பொதுச் சுகாதாரத்தில் பெருமைப்பட நிறைய இருக்கிறது; கிராம சுகாதாரச் செவிலியர்கள் கட்டிய பெருமை அது. அதனால்தான் கூடுதல் கோபத்தோடு கேட்கிறேன். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டாண்டில் நிரந்தரம் என்று சொல்லி எடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து அந்த வாக்கை நினைவூட்ட வேண்டியிருந்தது. கொரோனாவில் அவசரமாக எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம், 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது என்று அறிவித்தார்கள். ஆட்சி மாறியது, தொகுப்பூதிய முறை மாறவில்லை. சமூக நீதி பேசும் மண்ணில் ஒரே வார்டில், ஒரே சீருடையில், ஒரே ஊசியைப் போடும் இருவரில் ஒருவருக்கு மற்றவரின் சம்பளத்தில் ஒரு துண்டுதான் என்றால், அந்த நீதி மருத்துவமனை வாசலோடு நின்றுவிட்டதா?

மும்பைக்குத் திரும்புவோம். நகரத்துக்குள்ளேயே சிவ்ரியில் காசநோய் மருத்துவமனை இருக்கிறது. அங்கே நோயாளிகளைக் கவனித்த ஊழியர்கள் பலர் அதே காசநோயில் மாண்டிருக்கிறார்கள். படுக்கை விரிப்பை மாற்றியவர்கள், தரையைத் துடைத்தவர்கள், மருந்து கொடுத்தவர்கள். இவர்கள் விதியால் சாகவில்லை. காற்றோட்டம், முகக்கவசம், சத்துணவு, முறையான பரிசோதனை, போதுமான ஆள் எண்ணிக்கை ஆகியவை மனிதர்கள் முடிவு செய்யும் காரியங்கள். மனிதர்கள் முடிவு செய்யாமல் விட்டதால் இறந்தார்கள். தியாகி என்று பட்டம் கொடுக்குமுன் யார் கையெழுத்து விடுபட்டது என்று கேளுங்கள்.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருக்கும் தமிழர்களே, உங்களிடம் கேட்க எனக்கு உரிமை உண்டு. எம்-கிழக்கு வார்டு அலுவலகம் தேவ்நாரில் இருக்கிறது. பூங்காவுக்கு விளக்கு வேண்டும், சாலைக் குழியை மூட வேண்டும் என்று மனுக் கொடுக்கத் தெரிந்த நமக்கு, இந்த வார்டின் ஹெல்த் போஸ்ட்களில் எத்தனை மருத்துவர் இடம் காலி, எத்தனை செவிலியர் இடம் காலி, சேவிகாக்களின் பணம் எந்தத் தேதியில் வந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கத் தெரியாதா? நகர்ப்புறத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கத்தின் சொந்த விதி. எட்டு லட்சத்துக்கு எத்தனை என்று நீங்களே வகுத்துப் பாருங்கள், பதினாறுக்குக் குறையாது. கட்டடம் இருக்கிறதா, அதற்குள் ஆள் இருக்கிறாரா, மாலை ஆறு மணிக்கு மேல் இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். 2022 மார்ச்சில் மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லாமல் நிர்வாகி ஆட்சி நடந்தது. கேட்க ஆளில்லை என்று அப்போது சொன்னோம். வாக்குக் கேட்டு வருபவர் சிலைக்கும் மண்டபத்துக்கும் வாக்குறுதி தரும்போது, சேவிகாக்களை ஊழியர் பட்டியலில் எப்போது சேர்ப்பீர்கள் என்று தேதி கேட்பதை எது தடுக்கிறது?

சேவிகாக்களும் ஆஷாக்களும் போராட மறுபடியும் ஆசாத் மைதானத்துக்குப் போவார்கள். போன ஒவ்வொரு முறையும் கணக்கெடுப்பு நிற்கும், தடுப்பூசி முகாம் தள்ளிப்போகும், 'வேலைநிறுத்தத்தால் மக்கள் அவதி' என்று செய்தி வரும். அன்று உங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் யாராவது "மனசாட்சி இல்லாதவர்கள், குழந்தைகள் விஷயத்திலா ஸ்ட்ரைக்?" என்று எழுதுவார். அவருக்கு அங்கேயே, எல்லோர் கண்முன்பும், 250 ரூபாய்க்கு ஆறு வருகை என்ற கணக்கை எழுதிக் காட்டுங்கள். மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் கோரிக்கைத் தாளை வாங்கிப் படித்து, அதன் கீழே உங்கள் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு மாநகராட்சி ஆணையருக்கு அனுப்புங்கள்.